‘அதாவது’க்காரரிடம் ஒரு கழிப்பறை கேட்டபோது

அதாவதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பார்க்க எங்கேயும் தேடி அலைய வேண்டாம். நாலு நாற்காலியைப் போட்டு, ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து, ‘கூட்டம்’ என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். நடு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான்.

அடையாளம் வேண்டுமா? நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறீர்கள். பாதி வாக்கியம் தாண்டுவதற்குள் அவர் உடம்பை முன்னால் சாய்த்து, இரண்டு விரலை மெல்ல உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, உங்களைவிட உங்கள்மேல் அதிக அக்கறை கொண்ட குரலில், “அதாவது, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னா…” என்பார். முடிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வந்தது உங்களுடையது அல்ல. “வெளியில மழை பெய்யுது” என்கிறீர்கள். “அதாவது, வாழ்க்கைல எதுவுமே நம்ம கையில இல்லைன்னு சொல்ல வர்றீங்க” என்கிறார் அவர். நீங்கள் கேட்க வந்தது ஒரு குடை.

இவரை எல்லாம் தெரிந்தவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லாம் தெரிந்தவர் உங்களை எதுவும் கேட்கமாட்டார். வந்தார், சொன்னார், போனார். அதாவதுக்காரர் கேட்பார். ஆளனுப்பிக் கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ கொடுத்து, “மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க” என்று உருகிக் கேட்பார். கேட்காமல் முடிவெடுக்கிற ஆளோடு சண்டையாவது போடலாம். கேட்டுவிட்டு முடிவெடுக்கிற ஆளை என்ன செய்வது?

நம்முடைய ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு வந்த சோதனை அதுதான்.

அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. சும்மா கட்டடம் இல்லை. சுற்றுச்சூழலுக்கு இசைவான கட்டடம். அந்த இடத்து மண்ணிலேயே செய்த கல், வெயிலில் ஓடும் மின்சாரம், கூரையில் விழும் மழையைப் பிடித்துவைக்கத் தொட்டி, கழிவுநீரைச் செடிப் பாத்தி வழியாக விட்டுச் சுத்தமாக்கித் தோட்டத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாடு. எல்லாம் நல்ல விஷயம். டீச்சருக்கும் இதில் எதிலும் குறையில்லை. வரைபடம் போட வந்த பெண்ணும் கெட்டிக்காரி; இதே மாதிரி மூன்று கட்டடம் கட்டியவள். அவளிடம் ஒரே ஒரு பழக்கம்: கூட்டக் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வரைவாள். கட்டடத்தில் புழங்கப்போகிறவர்களின் விருப்பத்துக்கு அவ்வளவு மரியாதை.

கூட்டக் குறிப்பை எழுதுகிறவர் கட்டடக் குழுத் தலைவர். ஒரு பெரிய கம்பெனியில் வாடிக்கையாளர்களிடம் எப்படிப் பேசுவது என்று முப்பது வருடம் வகுப்பெடுத்து ஓய்வுபெற்றவர். பளிச்சென்ற சட்டை, தோளில் துணிப்பை, கையில் கண்ணாடி பாட்டில். தங்கமான மனுஷர்தான். ஆனால் அவர்தான் நம் அதாவதுக்காரர்.

இந்த இடத்தில் டீச்சருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை.

பழைய கட்டடத்தில் அது முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கச் சுவரோரம் இருக்கிறது. டீச்சர் எண்ணி வைத்திருக்கிறார், அவர் காலுக்கு நூற்றுப் பத்து அடி. ஐந்து வயதுக் குழந்தை எந்த விஷயத்தையும் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. அது கையைத் தூக்கி “டீச்சர்” என்னும்போதே விஷயம் பாதி நடந்திருக்கும். அதனால்தான் அவருடைய அலமாரியில் சாக்பீஸ் டப்பாவுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் நடுவே, துவைத்து மடித்த ஒரு டஜன் ஜட்டிகள் அளவுவாரியாக அடுக்கியிருக்கின்றன. பதினோரு வருடமாக இப்படித்தான்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். போன வருடம் முதல் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பிப் போகும். “ஏம்மா குடிக்கல?” என்று டீச்சர் கேட்டார். “தாகமில்ல டீச்சர்.” அவளுடைய அம்மா வந்து விசாரித்தபோது, “வீட்டுலயே நல்லா குடிச்சிட்டு வர்றா போல” என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். ஒன்றரை மாதத்தில் அவளுக்கு அடிவயிற்று வலி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. ஒரு வாரம் கழித்து அம்மா வந்தார். “கழிப்பறைக்குப் போற வழியிலயே நனைச்சிருவோம்னு பயந்து குடிக்காமலே இருந்திருக்கா டீச்சர். டாக்டர் கேட்டப்பதான் சொன்னா.” டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குழந்தை சொன்னதைக் கேட்டோம், ஆனால் நாமே ஒரு ‘போல’ போட்டு முடித்துவைத்தோமே என்று அவருக்கு இன்றுவரை வலிக்கிறது. புதுக் கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும். அதிலும் கழிப்பறை தூரத்தில் அமைந்தால் எத்தனை குழந்தைகள் தாகமில்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்?

முதல் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. தலைவர் எல்லோருக்கும் வண்ணச் சீட்டு கொடுத்தார். கனவுக்குப் பச்சை, தேவைக்கு மஞ்சள், பயத்துக்கு ரோஸ். எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

சமையல்காரம்மா சீட்டை வாங்கவில்லை. “எனக்குக் கனவெல்லாம் இல்ல சார். அடுப்புப் புகை முழுக்கக் கண்ணுலதான் வந்து அடிக்குது. புதுசுல மேல ஒரு புகைபோக்கி வச்சிருங்க, போதும்.”

இரண்டு விரல் உயர்ந்தது. “அதாவது, அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா, இந்தக் கட்டடம் சுவாசிக்கணும்.” அவரே ஒரு பச்சைச் சீட்டை எடுத்து ‘சுவாசிக்கும் கட்டடம்’ என்று எழுதி ஒட்டினார். சமையல்காரம்மா தன் பேரில் ஏறிய சீட்டைப் பார்த்தார். நல்ல கையெழுத்து.

தோட்டக்காரர் எழுந்தார். “அந்தக் கிழக்கு மூலை பள்ளம் சார். மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். அங்க எதையும் கட்டிராதீங்க.”

“அதாவது, ஐயா சொல்ல வர்றது, நாம தண்ணியோட சேர்ந்து வாழக் கத்துக்கணும்.” இன்னொரு பச்சை.

டீச்சர் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை என்றாலும் முப்பத்தொரு குழந்தைகளை அடக்கிய குரல். “சார், ஒண்ணாம் வகுப்புக்குப் பக்கத்துலயே கழிப்பறை வேணும். ரொம்பப் பக்கத்துல.”

“அற்புதம்” என்றார் தலைவர். “அதாவது, டீச்சர் என்ன சொல்ல வர்றாங்கன்னா, குழந்தைகளுக்கு இயற்கையோட நெருக்கம் வேணும்.”

“நெருக்கம் இயற்கையோட இல்ல சார். கழிப்பறையோட.”

“அதேதான்” என்று அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். தலைமையாசிரியரும் தலையாட்டினார். அவர் யார் பேசினாலும் ஆட்டுவார். அந்தத் தலையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது கூட்டத்தில் வரைபடம் வந்தது. அழகான வரைபடம். கட்டடம் சுவாசிப்பதற்காக முகப்பில் பெரிய திறந்த வளைவு. சமையலறைக்குப் புகைபோக்கி இல்லை. கிழக்கு மூலையில் தண்ணீரோடு சேர்ந்து வாழ்வதற்காகச் செடிப் பாத்திகள். அந்தப் பாத்திகளுக்கு அப்பால், கழிவுநீர் நேரே அதில் இறங்க வசதியாக, ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகளின் கழிப்பறை. வகுப்பறையிலிருந்து அங்கே போக ஒரு நெளிந்த பாதை. அதற்குக் ‘கற்றல் பாதை’ என்று பெயர். இயற்கையோடு நெருக்கம் வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தாரல்லவா, குறிப்பில் இருந்தது.

வரைபடத்தின் நகல் முதல் நாளே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது; டீச்சர் அன்றே தோட்டக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் காலி மனையில் கயிறு பிடித்து நடந்து பார்த்திருந்தார்.

“சார், இது என் காலுக்கே நூத்தி அறுபது அடி வருது. குழந்தை காலுக்கு முந்நூறு.”

“வழியெல்லாம் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் டீச்சர். குழந்தைங்க பார்த்துக்கிட்டே போகலாம்.”

“பார்த்துக்கிட்டே போனா வழியிலயே போயிடும் சார்.”

யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், அவர் எந்தக் கருத்தையும் வரவேற்பவர். டீச்சர் விடவில்லை. விரலை மடக்கி, கரும்பலகையில் கணக்குச் சொல்லித்தருவது மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “ஒரு குழந்தையால நாப்பது அடிதான் சார் போக முடியும். நாப்பது அடி. அதை எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார். “அதாவது, டீச்சர் சொல்ல வர்றது, ஒரு குழந்தையோட பயணத்துல ஒவ்வொரு அடியும் முக்கியம்.” பத்து நாள் கழித்துத் திருத்திய வரைபடம் வந்தபோது கற்றல் பாதையில் நாற்பது நிறுத்தங்கள் இருந்தன. நிறுத்தத்துக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு பெயர்ப் பலகை. அத்தனையும் கொள்ளவேண்டும் என்பதற்காகப் பாதையை இன்னும் இரண்டு நெளிவு நெளித்திருந்தார்கள்.

டீச்சர் வரைபடத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்தியிருந்தால் ‘அதாவது, டீச்சருக்கு இந்தத் திட்டத்து மேல அவ்வளவு ஈடுபாடு’ என்று குறிப்பில் ஏறியிருக்கும். மேலிடத்தில் புகார் கொடுக்கலாம் என்றால் எதைச் சொல்லிக் கொடுப்பது? கருத்துக் கேட்கவில்லை என்றா? இரண்டு கூட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது கூட்டம்தான் கடைசி. அதில் வரைபடம் முடிவாகி, அடுத்த திங்கட்கிழமை வேலை தொடங்கிவிடும்.

நடுவில், மனையைப் பார்வையிடக் கல்வித்துறை அதிகாரி ஒருவர் வந்தார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். அதிகாரி அவ்வப்போது மேடைப் பேச்சும் பேசுகிறவர் என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கட்டடம் என்பது மண் காணும் கனவு. அந்தக் கனவுக்குள் வெளிச்சம் ஒரு விருந்தாளியைப் போலத் தயங்காமல் நுழைய வேண்டும்” என்றார்.

தலைவருக்கு விரல் தானாக உயர்ந்தது. “அதாவது, ஐயா என்ன சொல்ல வர்றாங்கன்னா, ஜன்னலைக் கொஞ்சம் பெருசா வைக்கணும்.”

வரைபடக்காரப் பெண் குறித்துக்கொண்டாள். அடுத்த வரைபடத்தில் ஜன்னல் பெரிதாகும். கையில் டீக் கோப்பையோடு நின்ற டீச்சர், குடிக்க மறந்து தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. இந்த மனுஷருக்கு நாம் சொல்வது பிடிக்காமல் இல்லை. சொன்னதைச் சொன்னபடி விட அவரால் முடியாது, அவ்வளவுதான். சின்னதாகச் சொன்னால் பெரிதாக்குவார். அப்படியானால் பெரிதாகச் சொன்னால்?

அன்று சாயங்காலம் டீச்சர் காய்கறி நறுக்கிக்கொண்டே சத்தமாக ஒத்திகை பார்த்தார். அவருடைய கணவர் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். வாயை எண்ணி எண்ணித் திறக்கிற ஆள். “மனித உடலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடும் நீரின் சுழற்சியானது…” என்று மனைவி சுவரைப் பார்த்துச் சொல்வதைக் கேட்டு அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“உடம்பு சரியில்லையா?”

“இல்லங்க. கழிப்பறை கேக்கறேன்.”

அவர் சற்று யோசித்தார். “நம்ம வீட்டுலயே இருக்கே.”

மூன்றாவது கூட்டம். வரைபடம் மேஜைமேல் விரித்திருந்தது. நாலு மூலையிலும் நாலு டீக் கோப்பை. “கடைசியா யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று தலைவர் கேட்டார். டீச்சர் எழுந்தார். சொல்லத் தெரியாமல் சொதப்பினால் ஐம்பது வருடம்.

“மனித உடலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடும் நீரின் சுழற்சியானது, கற்றலின் வாசலிலேயே தன் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டும். வாசலுக்கும் சுழற்சிக்கும் இடையே தூரம் என்ற ஒன்று இருக்குமானால், அங்கே குழந்தைமை தோற்றுப்போகிறது.”

தலைமையாசிரியரின் தலை முதல் தடவையாக எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் நின்றது. சமையல்காரம்மா டீச்சரைக் கவலையோடு பார்த்தார்.

தலைவர் முகத்தில் ஒரு வெளிச்சம். உடம்பு முன்னால் சாய்ந்தது. இரண்டு விரல் உயர்ந்தது.

“அதாவது,” என்றார், “டீச்சர் சொல்ல வர்றது ரொம்ப எளிமையான விஷயம். ஒண்ணாம் வகுப்புக்குப் பக்கத்துலயே கழிப்பறை வேணும். சின்னக் குழந்தைங்க, அவ்வளவு தூரம் எல்லாம் அடக்கிக்கிட்டுப் போக முடியாது.” பிறகு எல்லோரையும் ஒருமுறை வருத்தத்தோடு பார்த்தார். “இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வரைபடக்காரப் பெண் குனிந்து அவர் காதருகே கேட்டாள். “நீங்க மொதல்லேருந்து இதைத்தான் சொல்லிட்டிருந்தீங்களா?”

“ஆமாம்மா.”

“குறிப்புல வேற இருந்துச்சே.” அவளுக்கு முகம் கன்றிப்போயிற்று. ரப்பரை எடுத்து அங்கேயே அழிக்க ஆரம்பித்தாள். “ஒரு குழாய் போட்டா தண்ணி தானா பாத்திக்கு நடந்து போயிடும். குழந்தை எதுக்கு நடக்கணும்?”

இதற்குள் சமையல்காரம்மா எழுந்துவிட்டார். அவர் ஒரு தடவை பார்த்தால் எதையும் பிடித்துக்கொள்கிற ஆள். “நெருப்போட பெருமூச்சு வானத்தைத் தேடுது சார்” என்றார்.

“அதாவது, அம்மாவுக்குப் புகைபோக்கி வேணும். வைங்க, வைங்க.”

தோட்டக்காரருக்கு மட்டும் அந்த வித்தை கடைசிவரை வரவில்லை. மரத்துக்கு மரம் இடம் விடணும் என்று அவர் மரத்தை மரமென்றே சொன்னார்; மனிதர்களுக்குள் இடைவெளி அவசியம் என்று குறிப்பில் ஏறி, சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சுகள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டன.

புதுக் கட்டடம் அடுத்த வருடம் திறந்தது. ஒண்ணாம் வகுப்பு வாசலிலிருந்து கழிப்பறை இருபத்திரண்டு அடி. திறப்பு விழாவில் தலைவர், “இது நான் கட்டினதில்ல, உங்க குரல்கள் கட்டினது” என்று பேசும்போது அவருக்கு உண்மையாகவே குரல் தழுதழுத்தது. முதல் வாரமே ஒண்ணாம் வகுப்பில் தண்ணீர் பாட்டில்கள் பதினோரு மணிக்கெல்லாம் காலியாகிவிட்டன. டீச்சர் குழாயடிக்கும் வகுப்புக்கும் நடந்து நடந்து நிரப்பி அலுத்துப்போனார். அவ்வளவு சந்தோஷமான அலுப்பு அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் யாரை நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள் என்று தெரியும். அலுவலகத்தில் ஒருவர், குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர், சம்பந்தி வகையில் ஒருவர். நியாயம்தான். ஆனால் அவர்களும் இந்நேரம் இதைப் படித்துக்கொண்டு வேறு யாரையோ நினைத்துத்தான் சிரிக்கிறார்கள். அதாவதுக்காரருக்குத் தான் அதாவதுக்காரர் என்று தெரியாது. தான் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்கிறவர் என்றுதான் அவர் சாகும்வரை நம்புவார். நீங்களும் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்கிறவர்தானே?

அப்படியானால் ஒரே ஒரு கேள்வி. இந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டில் ஒருவர் “எனக்கு என்னவோ ஒரு மாதிரியா இருக்கு” என்றார். வேலை ஜாஸ்தி, தூக்கம் சரியில்லை, அதுதான் என்று நீங்களே அன்போடு முடித்துவைத்தீர்கள். அதற்கு அவர் ‘ஆமாம்’ என்றாரா, இல்லை பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாரா? ஞாபகம் இருக்கிறதா?